தள்ளிப்போட வேண்டிய ஒரே வேலை

சிறுநீரக நோய் உள்ள சிறுவன் ஒருவனின் தாய், பெற்றோர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்.



நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுக்கு. நான் தையல் வேலை செய்றேன், வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுறார். ரெண்டு பிள்ளைங்க. பெரியவள் பத்தாம் வகுப்பு. சின்னவன் ஏழாம் வகுப்பு. அவனுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய், இப்போது மூன்றாம் நிலை. ஒன்றரை வயசில் கண்டுபிடிச்சாங்க. பத்து வருஷத்துக்கு மேல ஆஸ்பத்திரி வரிசையில் நின்னு, டாக்டருங்ககிட்ட கேட்டுக் கேட்டுத் தெளிஞ்சதைத்தான் இன்னைக்கு உங்ககிட்ட சொல்றேன். இங்கே உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு மட்டுமில்லை, இதைப் பிறகு செல்போனில் படிக்கப் போற உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பிள்ளைகளிடம் தினமும் ஒரு பாட்டு பாடுவோம்: "எந்த வேலையையும் தள்ளிப்போடாதே." நம்ம மாதிரி பெற்றோருக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு இருக்கு. தள்ளிப்போடவே வேண்டிய ஒரு நாள் இருக்கு: பிள்ளைக்கு டயாலிசிஸ் தொடங்கும் நாள். அந்த நாள் ஒரு வருஷம் தள்ளிப்போனால், பிள்ளை ஒரு வருஷம் வளர்ந்திருப்பான், ஒரு வகுப்பு படிச்சிருப்பான், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தவும் உடம்பு இன்னும் கொஞ்சம் தயாராகியிருக்கும். அந்தத் தள்ளிப்போடும் வேலையில் பெரும்பகுதி நடக்கிறது நம்ம வீட்டில், நம்ம கையில். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

இது யாருடைய குற்றம்?

முதலில் இதைச் சொல்லிடறேன். "நீ மாசமா இருக்கும்போது என்ன சாப்பிட்டே?" என்று என்னைக் கேட்காத சொந்தக்காரங்க இல்லை. உங்களையும் கேட்டிருப்பாங்க.

பெரியவர்களுக்குச் சிறுநீரகம் கெட சர்க்கரையும் ரத்த அழுத்தமும் முக்கியக் காரணங்கள். குழந்தைகளிடம் கதை வேறு. பெரும்பாலும் பிறவியிலேயே சிறுநீரகமோ சிறுநீர்ப் பாதையோ சரியாக உருவாகாமல் இருப்பதுதான் காரணம். சிறுநீரகம் சிறுத்துப் போயிருக்கலாம். சிறுநீர் கீழிருந்து மேலே திரும்பிப் போகலாம். என் பையனுக்கு இருந்ததுபோல ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர் வெளிவரும் பாதையில் சவ்வு போல ஓர் அடைப்பு இருக்கலாம். அடுத்து வருவது நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் மாதிரியான வடிகட்டி நோய்கள். முகம் வீங்கும், சிறுநீரில் புரதம் கசியும். அதில் ஸ்டீராய்டு மருந்துக்குக் கட்டுப்படாத வகை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

இதில் எதுவும் அம்மா பப்பாளி சாப்பிட்டதால் வருவதில்லை. இந்தப் பழியைச் சுமந்துகிட்டே ஒரு பிள்ளையை வளர்க்க முடியாது. அதனால் முதல் வேலையா அதை இறக்கி வைங்க.

இன்னொன்று. என் பையனுக்கு அந்த அடைப்பை எடுத்துட்டாங்க. "ஆபரேஷன் ஆயிடுச்சே, இன்னும் எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று வீட்டிலேயே கேட்டாங்க. அடைப்பு போனாலும், அதற்கு முன்னால் சிறுநீரகத்துக்கு ஏற்பட்ட பாதிப்பு அப்படியேதான் இருக்கும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, பிள்ளை ஓடி ஆடிக்கிட்டு இருப்பான். அந்த அமைதியைப் பார்த்துத்தான் நிறைய குடும்பங்கள் நடுவில் சிகிச்சையை விட்டுடறாங்க. நான்கைந்து வருஷம் கழிச்சு மூச்சு வாங்கிக்கிட்டு வரும்போது, தள்ளிப்போட எதுவும் மிச்சம் இருக்காது.

உயரம் தெரியாமல் ரிப்போர்ட் படிக்காதீங்க

ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் என்று ஒரு வரி வரும். தசையில் உருவாகிச் சிறுநீரகம் வெளியேற்றுகிற ஒரு கழிவுப்பொருள் அது. பல லேப் ரிப்போர்ட்டுகளில் பக்கத்தில் "0.6 முதல் 1.2 வரை நார்மல்" என்பது போல அச்சடித்திருக்கும். அது பெரியவர்களுக்கான அளவு. குழந்தைக்குத் தசை குறைவு, அதனால் கிரியேட்டினினும் குறைவாகத்தான் இருக்கணும். நாலு வயசுக் குழந்தைக்கு 0.3, 0.4, 0.5 என்ற அளவில் இருந்தால் சரி. அதே குழந்தைக்கு 1.0 வந்தால் லேப் தாளில் "நார்மல்" என்றே இருக்கும். உண்மையில் அது நார்மல் இல்லை.

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்யுது என்று தோராயமாகப் பார்க்க, ஒரு வயசு தாண்டின பிள்ளைகளுக்கு டாக்டர்கள் போடும் கணக்கு எளிமையானது. பிள்ளையின் உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 0.413 ஆல் பெருக்கி, கிரியேட்டினின் அளவால் வகுக்கணும். செல்போன் கால்குலேட்டரே போதும்.

உயரம் 100 சென்டிமீட்டர், கிரியேட்டினின் 1.0 என்றால் விடை 41. தொண்ணூறும் அதற்கு மேலும் இருப்பதுதான் இயல்பு. 60 முதல் 89 வரை இரண்டாம் நிலை, 30 முதல் 59 வரை மூன்றாம் நிலை, 15 முதல் 29 வரை நான்காம் நிலை, 15-க்குக் கீழே ஐந்தாம் நிலை. ஆக, "நார்மல்" என்று அச்சடித்த அந்தத் தாளில் இருந்த குழந்தை மூன்றாம் நிலையில் இருக்கு.

இதே கணக்கு தைரியமும் தரும். அந்தக் குழந்தை 110 சென்டிமீட்டர் வளர்ந்து, கிரியேட்டினின் 1.1 ஆகிவிட்டது என்று வைங்க. "ஐயோ, ஏறிடுச்சே" என்று மனசு பதறும். கணக்குப் போட்டுப் பாருங்க, அதே 41. பிள்ளை வளர்ந்திருக்கான், சிறுநீரகம் அப்படியே தாக்குப்பிடிக்குது. அது நல்ல செய்தி. என் பையன் போன மாசம் 135 சென்டிமீட்டர், கிரியேட்டினின் 1.4, கணக்கு 40. ரெண்டு வருஷமா அந்த நாற்பதை ஒட்டியேதான் நிற்கிறான்.

இந்தக் கணக்கை வைத்து நீங்களே மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. டாக்டரிடம் சரியான கேள்வி கேட்கத்தான் இது. ஒவ்வொரு ரிப்போர்ட்டின் மேலேயும் அன்றைய தேதி, உயரம், எடை, ரத்த அழுத்தம் நாலையும் பேனாவால் எழுதிடுங்க. பத்து வருஷத்துத் தாள்களை வரிசையாக வைத்தால், பிள்ளையின் கதை அதிலேயே தெரியும்.

பி.பி. குழந்தைகளுக்கும் பார்க்கணும்

"சின்னப் பிள்ளைக்கு பி.பி.யா?" என்று சிரிப்பாங்க. பெரியவருக்கு 120/80 சரி என்றால், ஐந்து வயசுக் குழந்தைக்கு அதுவே அதிகம். வயசு, உயரம், ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து அளவு மாறும். உங்க பிள்ளைக்கு எந்த அளவு என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்குங்க. கையில் சுற்றும் பட்டை பிள்ளையின் கைக்கு ஏற்ற அளவில் இருக்கணும். அது பொருந்தாவிட்டால் காட்டும் எண்ணும் தப்பாகத்தான் இருக்கும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துறேன்? ஐரோப்பாவில் 3 வயசு முதல் 18 வயசு வரை சிறுநீரக நோய் உள்ள 385 பிள்ளைகளை ஐந்து வருஷம் கவனிச்ச ஆய்வு ஒன்று 2009-இல் வெளிவந்தது. எல்லாருக்கும் ஒரே வகை மாத்திரைதான். ஆனால் ஒரு பிரிவினருக்கு ரத்த அழுத்தத்தை வழக்கத்தை விடத் தாழ்வாக வைத்துப் பராமரிச்சாங்க. அந்தப் பிரிவில் நூற்றுக்கு 30 பிள்ளைகளுக்கு நோய் முற்றியது. மற்ற பிரிவில் நூற்றுக்கு 42. நூறு பிள்ளைகளில் 12 பேருக்குக் கூடுதலாகக் காலம் கிடைச்சது. தினமும் ஒரு மாத்திரை, மாசாமாசம் ஒரு பி.பி. கணக்கு. இந்தச் சின்ன வேலைக்கு அவ்வளவு பலன் இருக்கு.

காய்ச்சல் இரவுகள்

ராத்திரி பதினொரு மணிக்குக் காய்ச்சல். மெடிக்கல் ஷாப்பில் "ஸ்ட்ராங்கா ஒரு சிரப்" கேட்கத் தோணும். அங்கேதான் ஆபத்து. இபுபுரோஃபன், மெஃபனாமிக் ஆசிட், டைக்ளோஃபெனாக் ஆகிய மூன்று பெயரையும் செல்போனில் எழுதி வைங்க. இவை காய்ச்சலுக்கும் வலிக்கும் கடையில் சாதாரணமாகக் கிடைப்பவை. நம்ம பிள்ளைகளின் சிறுநீரகத்துக்கு ஆகாதவை. பல சிரப்புகளில் பாரசிட்டமாலோடு கலந்தே வரும், அதனால் அட்டையின் பின்பக்கம் உள்ள சின்ன எழுத்தைப் படிங்க. பாரசிட்டமால் மட்டும், எடைக்குத் தகுந்த அளவில், டாக்டர் சொன்னபடி கொடுக்கலாம்.

ரெண்டாவது, வாந்தியும் பேதியும். உடம்பில் தண்ணி வற்றினால், தேறிக்கிட்டிருந்த சிறுநீரகம் ரெண்டே நாளில் சரியும். எனாலாபிரில், ராமிபிரில் போன்ற பி.பி. மாத்திரை சாப்பிடும் பிள்ளையென்றால், பேதி நாட்களில் அதை நிறுத்தணுமா, எத்தனை நாள், எப்போது மறுபடி தொடங்கணும் என்று முன்கூட்டியே டாக்டரிடம் எழுதி வாங்கி, பீரோ கதவில் ஒட்டிடுங்க. அந்த நேரத்தில் யோசிக்கத் தோணாது.

மூன்றாவது, யாரோ பரிந்துரைக்கும் பொடி, லேகியம், கஷாயம். எந்த மருத்துவ முறையையும் நான் குறை சொல்லலை. உள்ளே என்ன இருக்கு என்று தெரியாத எதையும் சிறுநீரக டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீங்க, அவ்வளவுதான். அதைக் கொண்டுபோய்க் காட்டத் தயங்கவும் வேண்டாம்.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சமையல் இல்லை

"உப்பைக் குறை, தண்ணியைக் குறை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிடறாங்க. வீக்கமும் பி.பி.யும் உள்ள பிள்ளைக்கு அது சரி. ஊறுகாய், அப்பளம், வத்தல், மோர் மிளகாய், கருவாடு, பாக்கெட் நொறுக்குத்தீனி எல்லாவற்றையும் குறைக்கணும். ஆனால் பிறவிக் கோளாறால் வந்த நோயில், பல பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தால் தண்ணியையும் உப்பையும் பிடிச்சு வைக்கவே முடியாது. நிறைய சிறுநீர் போவாங்க, நிறைய தாகம் எடுக்கும். என் பையன் அந்த வகை. அவனுக்குத் தண்ணியைக் குறைச்சால் பிள்ளை வாடிடுவான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொன்ன பத்தியம் உங்க பிள்ளைக்கு ஆகாமல் போகலாம்.

பொட்டாசியம் ஏறியிருக்கு என்று டாக்டர் சொன்னால் மட்டும், இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு, பழச்சாறு இவற்றில் கவனம் வேண்டும். காய்கறியைச் சின்னதாக நறுக்கி, நிறைய தண்ணியில் வேகவிட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டுச் சமைக்கலாம். கடையில் விற்கும் "சோடியம் குறைந்த உப்பு" நல்லதுன்னு வாங்கிடாதீங்க. சோடியத்துக்குப் பதில் அதில் பொட்டாசியத்தைத்தான் சேர்த்திருப்பாங்க. நட்சத்திரப் பழத்தை எந்த நிலையிலும் தொடவே வேண்டாம். சிறுநீரகம் பலவீனமானவர்களின் மூளையைப் பாதிக்கும் நச்சு அதில் இருக்கு.

புரதத்தை முழுசா நிறுத்துவது பெரிய தப்பு. வளரும் பிள்ளைக்கு வயசுக்கு ஏற்ற புரதம் கட்டாயம் வேண்டும். சத்துணவில் தர்ற முட்டையை "கிட்னி பிள்ளை, வேண்டாம்" என்று நீங்களாகவே தடுக்காதீங்க. எவ்வளவு என்பதைக் கேட்டு முடிவு பண்ணுங்க. உயரம் ஏறாமல் நின்றால், பத்தியத்தை மேலும் இறுக்குவதற்கு முன்னால் டாக்டரிடம் கேளுங்க: ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கா, வைட்டமின் டி எப்படி இருக்கு, ரத்தசோகை இருக்கா, வளர்ச்சி ஹார்மோன் ஊசி தேவைப்படுமா? நான்குக்கும் மருத்துவத்தில் வழி இருக்கு.

பள்ளிக்கூடம்

எங்களுக்கு ரொம்ப வலிச்ச இடம் இதுதான். முதலில் சேர்த்த ஒரு பள்ளியில், வகுப்பு நடுவில் பாத்ரூம் போகக் கூடாது என்று ஒரு விதி. தண்ணி பாட்டில் மேஜை மேல் இருக்கக் கூடாது. பிள்ளை பயந்து, காலையிலிருந்து தண்ணியே குடிக்காமல் இருக்கப் பழகிட்டான். கால்சட்டை நனைஞ்சால் பிள்ளைகள் சிரிக்கும் இல்லையா? ரெண்டே மாசத்தில் சிறுநீர்த் தொற்று வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்வியாண்டும் ஜூன் மாசம் ஒரு கடிதம் கொடுக்கிறேன். டாக்டர் கையெழுத்தோடு ஐந்தே வரி: தண்ணி குடிக்க எப்போதும் அனுமதி, கழிவறைக்குக் கேட்டதும் அனுமதி, மதிய மாத்திரை, காய்ச்சலுக்கும் வலிக்கும் பள்ளியில் எந்த மாத்திரையும் தர வேண்டாம், அவசரத்துக்கு ரெண்டு போன் நம்பர். தலைமையாசிரியருக்கு ஒரு நகல், வகுப்பாசிரியருக்கு ஒரு நகல். இப்போது இருக்கும் பள்ளியில் வகுப்பாசிரியரே பாட்டிலை நிரப்பிட்டியா என்று கேட்கிறார்.

ஏன் கடிதம் என்கிறேன்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் பட்டியலிடப்பட்ட 21 வகைக் குறைபாடுகளில் சிறுநீரக நோய் இல்லை. அதனால் அந்த அடையாள அட்டையை நம்பி இருக்க முடியாது. நாம் கேட்டு வாங்குவதுதான்.

விளையாட்டை நிறுத்தாதீங்க. ஓடட்டும், சைக்கிள் ஓட்டட்டும். எந்த விளையாட்டு கூடாது என்பதை டாக்டர் சொல்வார். மற்றதெல்லாம் அவன் உரிமை.

வீட்டுக்குள்ளே

பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுங்க, வயசுக்குத் தகுந்த மாதிரி. ஐந்து வயசில் "உன் வயித்துக்குள்ள ரெண்டு வடிகட்டி இருக்கு, அது கொஞ்சம் மெதுவா வேலை செய்யுது" என்றால் போதும். பத்து வயசில் மாத்திரையின் பெயரும் அது எதற்கு என்பதும் தெரியணும். பன்னிரண்டு வயசில் தன் மாத்திரையைத் தானே எடுத்து, டிக் போட்டு, அம்மா பார்க்கணும். பதினெட்டில் குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும்போது அவன் தனியாக நிற்கணும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தின பிறகுகூட, வளரிளம் பருவத்தில் மாத்திரையை விட்டுவிடுவதால் அதை இழக்கும் பிள்ளைகள் இருக்காங்க. பொறுப்பு ஒரே நாளில் வராது, கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாற்றணும்.

அடுத்து, கூடப்பிறந்தவங்க. என் மகள் ஒருமுறை, "எனக்கும் ஏதாவது வியாதி வந்தா நீ என்கூட உட்காருவியாம்மா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளுக்கு மட்டும். மாத்திரை, ரிப்போர்ட், ஆஸ்பத்திரி எதுவும் அந்த ரெண்டு மணி நேரத்தில் பேசமாட்டோம்.

அப்பாக்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பணம் கட்டுவதோடு வேலை முடியலை. மூன்று முறைக்கு ஒரு முறையாவது நீங்களே பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ஓ.பி.க்குப் போங்க. டாக்டர் சொல்வதை ரெண்டு பேர் காது கேட்கணும்.

தாள்கள் தயாரா?

அவசரம் வந்த பிறகு தாள் தேடுவது கொடுமை. இந்த வாரமே சரிபாருங்க.

ஒன்று, குடும்ப அட்டையில் பிள்ளையின் பெயர் இருக்கா? பிறந்த பிறகு சேர்க்காமலே விட்டிருக்கும் வீடுகள் உண்டு. பொது விநியோகத் திட்ட இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம். ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயரின் எழுத்து ஒன்றுபோல் இருக்கணும்.

இரண்டு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். டயாலிசிஸும் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையும் இதில் அடக்கம். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் இவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதியலாம். சந்தேகம் இருந்தால் கட்டணமில்லா எண் 1800 425 3993. பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108.

மூன்று, ரிப்போர்ட்டுகள். செல்போனில் பிள்ளை பெயரில் ஒரு போல்டர் தொடங்கி, ஒவ்வொரு தாளையும் தேதியோடு படமெடுத்து வைங்க. கணவன், மனைவி ரெண்டு பேர் போனிலும் இருக்கணும். 14 இலக்க ஆபா எண் எடுத்து வைத்தால், அதில் இணைந்த மருத்துவமனைகளின் பதிவுகளையும் சேர்த்துக்கலாம். மூலத் தாள்களைத் தூக்கி எறியாதீங்க.

நான்கு, பயணம். மாற்று அறுவை சிகிச்சைக்கோ டயாலிசிஸுக்கோ ரயிலில் போகும் நோயாளிக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் ஸ்லீப்பர் வகுப்பில் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. ரயில்வே படிவத்தில் மருத்துவமனைச் சான்று வேண்டும்.

அந்த நாள் வரும்போது

இவ்வளவு தள்ளிப்போட்டாலும், சில பிள்ளைகளுக்கு அந்த நாள் வரும். அப்போது பயத்தால் தள்ளிப்போடாதீங்க. "இன்னும் ஒரு மாசம் பார்க்கலாம்" என்று நாம் நழுவினால், பிள்ளை மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்குப் போவான். இதுவரை தள்ளிப்போட்டது பிள்ளைக்காக. இனி தாமதிக்காமல் ஒத்துக்கொள்வதும் அதே பிள்ளைக்காகத்தான்.

நான்காம் நிலையிலேயே பேச்சைத் தொடங்குங்க. டயாலிசிஸில் ரெண்டு வகை. ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது ஒன்று. வயிற்றில் சின்னக் குழாய் வைத்து, திரவப் பையால் வீட்டிலேயே செய்வது இன்னொன்று. ரெண்டாவது வகையில் பிள்ளை பள்ளிக்கூடம் போக வசதி அதிகம். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இந்தத் திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கும் சேவையும் இருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க.

தகுந்த கொடையாளர் இருந்தால், டயாலிசிஸ் தொடங்கும் முன்னரே மாற்று அறுவை சிகிச்சை செய்யவும் முடியும். பொதுவாகப் பிள்ளை 10 கிலோ எடையாவது இருக்கணும். தட்டம்மை, சின்னம்மை போன்ற சில உயிர்த் தடுப்பூசிகளை அறுவை சிகிச்சைக்கு முன்னரே போட்டு முடிக்கணும், பிறகு போட முடியாது. தேவையில்லாமல் ரத்தம் ஏற்றினால், பின்னால் பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பது கடினமாகலாம். அதனால் ரத்தம் ஏற்றச் சொன்னால் சிறுநீரக டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல் வந்தது. அப்பா, அம்மா, 18 வயசு நிரம்பிய கூடப்பிறந்தவங்க கொடுக்கலாம். 2011-இல் செய்த திருத்தம் தாத்தா பாட்டிகளையும் நெருங்கிய உறவினராகச் சேர்த்தது. பணத்துக்குச் சிறுநீரகம் வாங்குவதும் விற்பதும் குற்றம். "ஏற்பாடு பண்ணித் தர்றேன்" என்று யாராவது போன் பண்ணினால், பேச்சை அங்கேயே முடிச்சிடுங்க. வீட்டில் யாருடையதும் பொருந்தவில்லை என்றால், மருத்துவமனை வழியாகத் தமிழ்நாடு உடல் உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்புப் பட்டியலில் பதியலாம். மூளைச்சாவு அடைந்தவர்களின் குடும்பங்கள் மனசு வைத்துத் தரும் கொடை அது. அப்படிக் கொடுத்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

"நான் குடுத்துடறேன்" என்று அம்மா முந்துவாள். நானும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கேன். ஆனால் கொடுக்க நம்ம உடம்பும் நல்லா இருக்கணும். பி.பி. ஏறியிருந்தாலோ சர்க்கரை வந்திருந்தாலோ டாக்டர் நம்மைக் கொடையாளராக ஏற்காமல் போகலாம். அதனால் மிச்சம் மீதியைச் சாப்பிட்டு நாளைக் கழிக்காமல், நேரத்துக்குச் சாப்பிடுங்க. வருஷத்துக்கு ஒருமுறை உங்க பி.பி., சர்க்கரையையும் பாருங்க. பிள்ளைக்கான மருத்துவத்தில் அதுவும் ஒரு பகுதி.

ஒரே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இதைப் படிச்சு முடிச்சதும் போனைக் கீழே வைங்க. பிள்ளையைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிற்க வைத்து, தலைக்கு மேல் ஒரு நோட்டை வைத்து, பென்சிலால் ஒரு கோடு போடுங்க. டேப்பால் அளந்து, தேதியோடு எழுதி வைங்க. கடைசி ரிப்போர்ட்டை எடுத்துக் கணக்குப் போடுங்க. அடுத்த முறை டாக்டர் முன்னால் உட்காரும்போது, "என் பிள்ளை எப்படி இருக்கான்?" என்ற கேள்வியோடு இந்தக் கணக்கையும் அவரிடம் காட்டுங்க. மூணு மாசம் கழிச்சு, பழைய கோட்டுக்கு மேலே புதுக் கோடு போடுவீங்க.